ஒன்பது சாமான்கள்

“தையல் மெஷின் மட்டும் இருக்கட்டும். பரண்ல இருக்கிற எட்டையும் எடுத்துக்கினு போயிடு” என்றாள் அனுசுயா.

பழைய சாமான் வண்டிக்காரர் துலுக்கானம் பரணை அண்ணாந்து பார்த்தார்.

“நாளைக்கு ஆயுத பூஜைம்மா. இன்னிக்குப் போயி தூக்கிப் போடறியே?”

“அதனாலதான் போடறேன்.”

அனுசுயாவுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். தையலில் தொடங்கினாள். அப்புறம் ஆர்மோனியம், பதினான்கு மாதம். கேமரா மூன்று வருஷம். தேனீ வளர்ப்பு ஏழே மாதம். மாடி வீட்டுக்காரரின் காது வீங்கியதும் பெட்டி பரணுக்குப் போனது. நடுவில் சிலம்பம், இறகுப்பந்து. நாற்பத்திரண்டு வயதில் நீச்சல். பிறகு மண்பாண்டம் செய்கிற மோட்டார் சக்கரம். போன வருஷம் டெலஸ்கோப்; மழை மேகம் கூடியதும் அதுவும் பரணுக்குப் போனது.

எதிலும் அரைமனதாக இறங்கியதில்லை. அடுத்த ஆசை வந்ததும், வீட்டுத் துணி தைக்கிற தையல் மெஷினைத் தவிர, முந்தையதைக் கணவர் கஜபதி பரணில் ஏற்றிவிடுவார். பரணேறியதை அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

கஜபதி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். இருபத்தொன்பது வருஷமாக ஒரே லேத். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அனுசுயா தன் புது சாமானுக்குப் பொட்டு வைப்பாள். வந்தவர்களிடம் கஜபதி சிரிக்காமல் எண்ணிச் சொல்வார், “இது எட்டாவது”, “இது ஒம்போதாவது” என்று. வந்தவர்கள் சிரிப்பார்கள்.

நேற்று கொரட்டூரிலிருந்து வந்திருந்த கஜபதியின் அக்கா கஸ்தூரி சிரிக்கவில்லை.

“என் தம்பி ஒரே எடத்துல நின்னு குடும்பத்த நிறுத்தினான். நீ ஒண்ணுலயாவது நின்னியா? வருஷா வருஷம் எண்ணிச் சொல்றானே, அத இன்னா புகழ்ச்சின்னு நெனச்சிக்கினியா?”

கஜபதி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. அக்கா பேசியதைவிட அவர் பேசாமல் இருந்ததுதான் அனுசுயாவைக் குத்தியது.

கம்பெனியில் ஒரு நாள் முன்னதாகவே பூஜை; இன்று அவர் அதற்குப் போயிருக்கிறார். வருவதற்குள் பரண் காலியாகிவிட வேண்டும்.

துலுக்கானம் முதலில் ஆர்மோனியத்தை இறக்கினார். ஒரு கட்டையை அழுத்தித் துருத்தியைத் தட்டினார். கணீர் என்று ஒலித்தது. மண்பாண்டச் சக்கரத்தை பிளக்கில் செருகினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. சிலம்பக் கம்பு எண்ணெய் மின்ன வந்தது.

“இன்னாம்மா இது? ஓடாத சாமானுக்குத்தான் நம்ம வண்டி. எல்லாம் புச்சு மாதிரி கீது.”

“இருக்காதே. ஆர்மோனியத்தத் தொட்டு இருவத்திரண்டு வருஷம் ஆச்சு.”

“நீ தொடல. வேற யாரோ தொட்டுக்கினு கீறாங்க. இங்க பாரு, அட்டை தொங்குது.”

கம்பெனியில் ஒவ்வொரு மெஷினிலும் தொங்குமே, அந்த மாதிரி அட்டை. மேலே ‘எண் 2, ஆர்மோனியம்.’ அதற்குக் கீழே என்றைக்கு என்ன செய்தது என்று தேதி வாரியாக ஒரு வரிசை. கஜபதியின் குண்டு குண்டுக் கையெழுத்து. கடைசித் தேதி போன ஞாயிற்றுக்கிழமை.

அனுசுயா மற்றவற்றையும் பார்த்தாள். கேமராவில் எண் 3. டெலஸ்கோப்பில் எண் 9. நீச்சல் கண்ணாடியில், ‘ரப்பர் மாற்றியது. பவுடர் போட்டது.’ எட்டுச் சாமானுக்கும் எட்டு அட்டை.

தையல் மெஷினிடம் போய்க் குனிந்து பார்த்தாள். பலகைக்கு அடியில் எண் 1 தொங்கியது. இத்தனை வருஷம் அதன்மேல் தைத்தவள் அதைக் கவனித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஏதாவது ஒரு வகுப்புக்குக் கிளம்பினால், “நான் தூங்கறேன்” என்று கதவைச் சாத்திக்கொள்ளும் மனிதர்.

“அப்ப இன்னாம்மா, வண்டில ஏத்தவா?” என்றார் துலுக்கானம்.

“வேணாம். எட்டையும் கூடத்துல வெச்சிடு.”

மறுநாள் கூடத்தில் ஒன்பது சாமான்களும் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. அட்டைகள் வெளியே தெரியும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தன. குளித்துவிட்டு வந்த கஜபதி ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். அப்புறம் சூடம் ஏற்றினார்.

பொரி கொண்டுவந்த கஸ்தூரி வாசற்படியிலேயே நின்றாள்.

“இன்னாடி இது, காயலான் கடை வெச்சாப்புல? எதுலயும் நிக்கலன்னு ஊருக்குக் காட்டறியா?”

“ஆமாம் அண்ணி, நிக்கல” என்றாள் அனுசுயா. “ஒம்போது எடத்தையும் ஆசை தீரப் பாத்துட்டு வந்தேன்.”

கஸ்தூரி தம்பியின் பக்கம் திரும்பினாள். “நீயும் எண்ணிக்கினே இருக்கியேடா. போதும்னு எப்பதான் சொல்லப்போற?”

கஜபதி சட்டைப்பையில் கைவிட்டு, மடங்காத புது அட்டை ஒன்றை எடுத்து மனைவியிடம் நீட்டினார். எண் 10 என்று எழுதியிருந்தது. சாமானின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“அடுத்ததாவது எண்ணெய் விடற மாதிரி பாத்து எடு அனு. அந்த நீச்சல் கண்ணாடிய வெச்சிக்கினு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.”