காது பழகிய ஹெட்ஃபோன்

என் எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்ஃபோனை யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதற்குள் இருக்கும் சவ்வு தலைமுடியைவிட மெல்லியது. ஒரு தூசி விழுந்தால் போதும், கரகரக்கும். ஈரம் ஆகாதென்று ஏசி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரை அரை மணி நேரம் சூடேற்றாமல் அதை நான் மாட்டியதே இல்லை. மாட்டுகிறவரின் காதைக் கற்றுக்கொண்டு தன்னை மாற்றிக்கொள்ளும் ரகம் அது.

ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் புனே போய்விட்டு வந்து மாட்டினேன். வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் காதைக் கிழித்தது.

சர்வீஸ்காரர் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"ரிப்பேர் இல்ல சார். வேற யாரோ தினமும் மாட்டியிருக்காங்க. அவங்க காதைக் கத்துக்கிட்டு உங்களை மறந்துடுச்சு."

எனக்கு வயிறு எரிந்தது. சமையலறையிலிருந்த மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஜெசிந்தா, இதை யாருக்குக் குடுத்தே?"

"யாருக்கும் குடுக்கலங்க. நான்தான் போட்டேன். இதுல மட்டுந்தான் ரெண்டு காதுலயும் பாட்டு கேக்குது."

"அப்படின்னா?"

"இடது காது மந்தமாயி ரொம்ப நாளாச்சு."

கல்யாணமான நாளிலிருந்து நான் படுப்பது அவளுக்கு இடப்பக்கம். விளக்கணைத்த பிறகு பேசுவேன். பதில் வராவிட்டால் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

"பழையபடி உங்க காதுக்கே மாத்திடவா சார்?" என்றார் சர்வீஸ்காரர்.

வேண்டாமென்றேன். அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டிருக்கிறது, சனியன்.