குழாயின் வாயில் கட்டிய காலுறை

தலை வலித்தது. பனி விழ ஆரம்பித்த நாளிலிருந்தே வலிக்கிறது. கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து ஆணி அடிப்பது போல.

அந்த வலியோடு டார்லா தன் தங்கை மார்லினுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. வட மிச்சிகனின் ஜனவரிக் காற்று சமையலறைக்குள் புகுந்து, மேஜையிலிருந்த ரொட்டி உறையைத் தரையில் தள்ளியது. அவள் புருஷன் ராய்ஸ் அதைப் பார்த்தபடி நின்றான். குனிந்து எடுக்கவில்லை.

துணி துவைக்கிற அறையில் பக்கத்து வீட்டு ஹாலிஸ் மண்டியிட்டிருந்தார். துணி உலர்த்தும் டிரையர் மெஷினின் கேஸ் வால்வை மூடியாயிற்று. மூடிய வால்வையே மறுபடி மறுபடி திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராய்ஸ்தான் அவரைக் கூப்பிட்டிருந்தான். மெஷின் சுற்றுகிறது, ஆனால் ஜீன்ஸ் ஈரமாகவே வெளியே வருகிறது என்றான். பஞ்சு அடைத்திருக்கும், ஒரு பீருக்கான வேலை என்று சிரித்துக்கொண்டேதான் வந்தார் ஹாலிஸ். மெஷினை இழுத்துத் திருப்பினார்.

பின்னாலிருந்த அலுமினியக் குழாய் சுவரின் ஓட்டைக்குப் போகவில்லை. அறைக்குள்ளேயே வாயைக் காட்டிக் கிடந்தது. அந்த வாயில் டார்லாவின் பழைய நைலான் காலுறை ஒன்று கட்டியிருந்தது. சாம்பல் நிறப் பஞ்சால் அது உப்பிப்போயிருந்தது.

அதற்கு அவர் பதறவில்லை. அந்தத் தெருவில் குளிர்காலம் வந்தால் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஹீட்டருக்கு எண்ணெய் வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள். துணி காய்ந்த சூட்டை எதற்கு வெளியே விட வேண்டும்? காலுறை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும், சூடு வீட்டுக்குள் நிற்கும். துணி இல்லாத நாளிலும் சூட்டுக்காக மெஷினை ஓடவிடுவார்கள். ஹாலிஸ் வீட்டிலும் ஒரு காலுறை தொங்குகிறது.

பிறகுதான் மெஷினின் அடியில் நுழைந்த மஞ்சள் குழாய் அவர் கண்ணில் பட்டது.

"டேய் ராய்ஸ், இது கேஸாடா?"

"ஆமாண்ணே. பழைய கரண்ட் மெஷின் செத்துப்போச்சு. இது சல்லிசா வந்துச்சு."

ஹாலிஸ் வால்வை மூடினார். எழுந்து ஓடி ஜன்னல்களைத் திறந்தார்.

"தெருவுக்கே ஹீட்டர் போடுறீங்களாண்ணே?" என்றான் ராய்ஸ்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் தலை வலிக்குதா?" என்று கேட்டார்.

வலித்தது. உருளைக்கிழங்கு ஆலையில் நாள் முழுக்க நின்றால் வலிக்காதா என்று டார்லா இருந்துவிட்டாள். ராய்ஸ் அதை மரப்பட்டறைத் தூசி என்று நினைத்திருந்தான்.

கரண்ட் மெஷினிலிருந்து வருவது வெறும் சூடான காற்று. கேஸ் மெஷினுக்குள் எரிவது நெருப்பு. நெருப்பு விடும் கழிவு வாயுவும் அதே குழாயில்தான் வர வேண்டும். அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. பஞ்சு அடைக்க அடைக்க நெருப்புக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டிய நெருப்பு விஷமாகத்தான் எரியும்.

ஹாலிஸ் இதை நாலு வார்த்தையில் சொல்லி முடித்தபோது டார்லா ஏற்கெனவே போனை எடுத்திருந்தாள்.

கடை மூடுகிறார்கள் என்று ஒரே விலையில் தள்ளிவிட்ட இரண்டு கேஸ் மெஷின்கள். ஒன்று இங்கே. மற்றதை ராய்ஸ்தான் டிரக்கில் ஏற்றிப்போய், ஏரிக்கு அந்தப் பக்கம் மார்லினின் டிரெய்லர் வீட்டில் பொருத்திவிட்டு வந்தான். அவள் புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன், வசந்தத்துக்குத்தான் வருவான். வீட்டில் அவளும் கோடி என்ற கைக்குழந்தையும் மட்டும்.

காலுறை கொடுத்தனுப்பியவள் டார்லா. ஒரு ஜோடியில் ஒரு கால் இங்கே, மறு கால் அங்கே.

ஊர்ப் போலீசான ஷெரிஃப் ஆபீசுக்குச் சொல்லியாயிற்று. வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வருகிறது என்றார்கள், பிறகு பனியில் சிக்கிப் பாலத்தருகே நிற்கிறது என்றார்கள். மார்லினைச் சுற்றி இருப்பதெல்லாம் கோடைக்கு மட்டும் ஆள் வரும் வீடுகள். கதவைத் தட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை.

ராய்ஸ் டிரக் சாவியை எடுத்தான்.

"ஷெரிஃப் வண்டியே நிக்குது. நீ எங்கடா போவ?" என்றார் ஹாலிஸ்.

"சும்மா நிக்கச் சொல்றீங்களா?"

அவன் வெளியே போனான். டிரக்கின் கதவு வரை பனி. மண்வாரி பனிக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. இறங்கியது, எடுத்தது, இறங்கியது. எஞ்சின் சத்தம் கேட்கவில்லை.

"ஜன்னல் கிட்ட வந்து நில்லும்மா" என்றார் ஹாலிஸ். "மூச்சை நல்லா இழு."

டார்லா இழுத்தாள். நல்ல காற்று. இங்கே ஜன்னலைத் திறக்க ஆள் இருந்தது.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

நேற்று சாயங்காலம் மார்லினே கூப்பிட்டிருந்தாள். பிறந்ததிலிருந்து ராத்திரி முழுக்கக் கத்தித் தீர்க்கிற பிள்ளை கோடி. அவள் குரலில் அசதி இருந்தது, அதற்கு மேல் சந்தோஷம் இருந்தது.

"நீ சொன்னபடியே தொட்டிலை டிரையர் பக்கத்துல இழுத்துப் போட்டுட்டேன் அக்கா. பய அப்படித் தூங்குறான். பால் குடிக்க எழுப்பினாக்கூட எழுந்திருக்க மாட்டேங்குறான். எனக்கும் தூக்கமா வருது. இந்தப் புண்ணியத்துக்கு உனக்கு ஒரு ஆப்பிள் கேக் சுட்டுத் தரணும்."

சூட்டுல நல்லாத் தூங்குங்க என்று சொல்லி டார்லா போனை வைத்தாள்.

இப்போதும் மணி போய்க்கொண்டிருக்கிறது. மார்லின் அவளுக்கு ஓர் ஆப்பிள் கேக் பாக்கி.