வீட்டுக்காரம்மா கொடுத்த ஹெட்போன்

"உள்ளதைச் சொல்லட்டுமா, இல்ல உங்க ஊர்க்காரங்க மாதிரி சொல்லட்டுமா?" என்று கேட்டார் கமேதா.

வீட்டுக்காரம்மா இகோமா கதவைப் பாதி திறந்தபடி சிரித்தார். "உள்ளதையே சொல்லுங்க ஐயா."

கமேதா கையிலிருந்த கம்பியில்லாத ஹெட்போனை ஆட்டினார். "காது மெத்தை மெத்துன்னுதான் இருக்கு. ஆனா மூக்குக்கண்ணாடிக் காம்பைப் போட்டு அழுத்துது. கொஞ்ச நேரத்துல காது புழுங்கி வேர்த்துடுது. பொத்தானை அமுக்கினா தெருச்சத்தம் அடங்கிடுது, அது நிஜம். மத்தபடி பேச்செல்லாம் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. சத்தம் ரொம்பக் கம்மி."

"கம்மியா?" இகோமா அம்மா கதவை முழுசாகத் திறந்தார். "டி.வி. பாக்கறப்ப போட்டுக்கறீங்கல்ல?"

"போடாம? சுமோ மல்யுத்தம் ஆரம்பிக்கறப்ப மாட்டினா, கடைசி மல்லன் விழுந்தப்புறந்தான் கழட்டறேன்."

"நேத்தும் போட்டுக்கிட்டீங்களா?"

"நேத்தும்தான். ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல... சும்மாத்தான்." வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

கமேதாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் ஒசாகாக்காரர். இரும்புக் கடையில் உழைத்தவர். அங்கே பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே கத்திவிடுவார்கள், மறுநாள் சேர்ந்து குடிப்பார்கள். இந்தக் கியோட்டோவில் யார் எதைச் சொன்னாலும் தேன் தடவியே சொல்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நக்கிப் பார்த்தாலும் தெரியாது.

போன வாரம் அந்தம்மாவே வந்து, "எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கலாம்னு. நீங்க டி.வி. பாக்கறப்ப போட்டுப் பாத்து எப்படின்னு சொல்லுங்களேன்" என்று பெட்டியோடு நீட்டினார். அப்போதே கமேதாவுக்குச் சந்தேகம். சும்மா யார் எதைக் கொடுப்பார்கள்? ஆனால் மாசக் கடைசியில் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். தனிக்கட்டைக் கிழவனுக்கு இந்த ஊரில் யாரும் வீடு தருவதில்லை. தரகர்கள் வயசைக் கேட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார்கள். இந்தம்மாவைப் பகைத்துக்கொண்டால் தெருதான். அதனால் ஒருநாள் விடாமல் மாட்டிக்கொண்டு, ஒருநாள் விடாமல் வந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லச் சொல்ல அந்தம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

மறுநாள் காலை குப்பை வைக்கப் போனபோது, மாடி வீட்டு நர்ஸ் நொசே எதிரே வந்தாள். ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவள். கண்கள் கோவைப்பழமாய் இருந்தன.

"கமேதா ஐயா, நேத்து அந்தக் குள்ள மல்லன் ஜெயிச்சிட்டானாமே! நான் படுத்தபடியே தெரிஞ்சிக்கிட்டேன்."

"படுத்தபடியேவா? கொடுத்து வச்சவம்மா நீ."

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். இதற்கு ஏன் வணங்குகிறாள்? கமேதா குப்பைப் பையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம். திரையில் இரண்டு மலைகள் முட்டிக்கொள்ளக் குந்தி உட்கார்ந்திருந்தன. கமேதா ஹெட்போனுக்குள் அடங்கியிருந்தார். நிமிர்ந்து பார்த்தால், எதிரே இகோமா அம்மா. கதவை எப்போது தட்டினாரோ, எப்போது உள்ளே வந்தாரோ.

இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றார். வாய் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வீடு போச்சு என்று நினைத்துக்கொண்டே கமேதா ஹெட்போனைக் கழற்றினார்.

அறையே இடிந்து அவர் தலையில் விழுந்தது. டி.வி. போட்ட கூச்சலில் மேஜைமேல் தேநீர்க் கோப்பை நடுங்கியது. அந்தம்மாவே பாய்ந்து அதை அணைத்தார்.

"டி.வி. சத்தம் வெளிய வரக்கூடாதுன்னுதானே ஐயா இதைக் கொடுத்தேன்!" என்று கத்தினார். கியோட்டோக்காரி ஒருத்தி கத்தி கமேதா கேட்டது அதுதான் முதல் தடவை. "மாடிப் பொண்ணு காலி பண்றேங்கிறா! உங்க ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு சொல்லத்தான் வந்தேன்!"

"அதை அன்னிக்கே இப்படிக் கத்தித் தொலைச்சிருந்தா என்னம்மா? நானும் ஒருநாள் விடாம மாட்டித்தானே பாக்கறேன்?"

இகோமா அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். ஹெட்போனைப் பார்த்தார். மூலையில் கிடந்த பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதைக் கிழித்து, உள்ளே இருந்த, டி.வி. சத்தத்தை ஹெட்போனுக்கு அனுப்புகிற விரலளவு குச்சியை டி.வி.யின் பின்னால் செருகி, ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, டி.வி.யைப் போட்டார்.

கமேதாவின் காதுக்குள் ஊரே ஆரவாரித்தது. அறை மட்டும் ஆளில்லாத கோவில் மாதிரி அமைதியாக இருந்தது.

அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை கண்ணும் சிரித்தது. ஹெட்போனைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு வந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்க. நொசேகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க ஐயா. இந்தப் பொட்டலத்தை ஏன் பிரிக்கவே இல்ல?"

கமேதா தலையைச் சொறிந்தார். "பிரிச்சா அதுக்கும் சேத்து வாடகையில புடிச்சுக்குவீங்கன்னு நினைச்சேன். இதை மாட்டினா டி.வி. காதுல விழவே மாட்டேங்குதேன்னுதான், நாளுக்கு நாள் அதை ஏத்திக்கிட்டே போனேன்."