தளவாய்க்கு வீசிய பந்து

போன வருஷம் பக்கத்து ஊர் அணியோடு ஆடியபோது, சேர்மக்கனி வீசிய கார்க் பந்து எகிறி, அந்த அணியின் மட்டைக்காரன் தளவாயின் இடது புருவத்தைக் கிழித்துவிட்டது. ஒன்பது தையல். சேர்மக்கனி மூன்று முறை ஆஸ்பத்திரி வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பினான். அதற்குப் பிறகு அவன் வேகமாக வீசவே இல்லை.

இந்த வருஷ நட்பு ஆட்டத்தில் தளவாய் மட்டையோடு இறங்கியதும் சேர்மக்கனி தன் கேப்டனிடம் ஓடினான். ஓவரை வேறு யாருக்காவது கொடுக்கும்படி கெஞ்சினான். அவர் கேட்கவில்லை. முதல் இரண்டு பந்துகளையும் மெதுவாக உருட்டிவிட்டான். தளவாய் இரண்டையும் அடிக்காமல் தட்டிவிட்டு, பாதி பிட்ச் வரை நடந்து வந்தான். புருவத்தில் தழும்பு வெளிறித் தெரிந்தது.

“ஏலே, எனக்குச் சோறா ஊட்டுத? ஒழுங்காப் போடு.”

“வேண்டாம்ணே. மறுபடியும் பட்டுட்டுன்னா?”

“நீ இப்படிப் போட்டா எனக்கு எப்படிலே பயம் தெளியும்?”

சேர்மக்கனி முழு வேகத்தில் ஓடி வந்து வீசினான். பந்து தரையில் குத்தி முகத்துக்கு நேராக எழும்பியதும் கண்ணை மூடிக்கொண்டான். மட்டையில் பட்ட சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது பந்து உடைமரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. தளவாய் மட்டையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“சிக்ஸ் குடுத்துட்டு என்னலே சிரிக்கே?” என்று கத்தினார் கேப்டன்.

தான் சிரிப்பது அப்போதுதான் சேர்மக்கனிக்கே தெரிந்தது. திரும்பி வந்த பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட நாலு எட்டு பின்னால் போய் நின்றான்.