பன்னிரண்டாம் கட்டிலின் மணி

“மத்த கட்டிலுக்கெல்லாம் ஒண்ணு, ரெண்டு நிமிஷம் ஆவுது சார். பன்னெண்டாம் கட்டிலுக்கு மட்டும் ரெண்டே நொடி” என்றான் அறிவழகன்.

கடலூரில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் மேலாளர் தேவசகாயம், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கணினித் திரையை நோக்கினார். நோயாளிகளின் அழைப்பு மணிகளைக் கணினியோடு இணைத்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அப்பணிக்காகச் சிதம்பரத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகும் இளைஞன்தான் அறிவழகன்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு தம்பி.”

“நோயாளி மணிய அழுத்துனா டேட்டாபேஸ்ல ஒரு வரி விழும் சார். நர்ஸ் கட்டில்கிட்ட வந்து ஸ்விட்ச அணைச்சா இன்னொரு வரி. அந்த ரெண்டையும் ஜோடி சேர்த்துக் கழிச்சா, கூப்பிட்டு எவ்ளோ நேரத்துல வந்தாங்கன்னு தெரிஞ்சிடும்.”

“ரெண்டு நொடியில வந்தா நல்லதுதானே?”

“நர்சுங்க மேசையிலேருந்து ஓடினாலே அரை நிமிஷம் ஆவும் சார். ஜோடி தப்பா சேர்ந்துடுச்சோன்னு திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன். கணக்கு சரியாத்தான் இருக்கு. எல்லாமே மலர்க்கொடி டியூட்டியில நடந்தது.”

தேவசகாயத்தின் முகம் இறுகிற்று. தற்காலிகச் செவிலியருள் யார் அழைப்புக்கு மிக விரைந்து செல்கிறாரோ அவரையே நிரந்தரமாக்குவது என நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அந்த வரிசையில் மலர்க்கொடியே முதலாவதாக இருந்தாள். அவளை அழைத்துவரச் செய்தார்.

“பன்னெண்டாம் கட்டில்ல யாரும்மா?”

“முதுநகர் சிங்காரம் சார்.”

“சும்மா சும்மா மணி அடிக்கிறாரே. அவ்ளோ தொல்லை புடிச்ச ஆளா?”

“ஐயோ, இல்ல சார். தங்கமான மனுஷன்.”

“அப்போ நீ அவரு கட்டிலுக்கு அடியிலயே குடியிருக்கியா?”

மலர்க்கொடி தலை குனிந்துகொண்டாள்.

“வீட்டு ஆளுங்களக்கூட அந்த வார்டுக்குள்ள விடறதில்ல. மணிய அழுத்துனது யாரு?”

“நாந்தான் சார்.”

“நீயே அழுத்தி, நீயே அணைச்சி, எல்லாரையும் முந்திட்ட. கெட்டிக்காரிதான்.”

“சத்தியமா அதுக்காக இல்ல சார்.”

“பின்ன எதுக்கு?”

“சொன்னா சிரிப்பீங்க சார்.”

“சிரிக்கிற நெலமையிலயா இருக்கோம்? நாளையிலேருந்து நீ வர வேணாம்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். குறிஞ்சிப்பாடியில் அவளுடைய குடும்பம் அந்த வேலையை நம்பியே இருந்தது. அறிவழகனுக்கு மனம் பொறுக்கவில்லை.

“சார், பன்னெண்டாம் கட்டில் வரிங்கள எடுத்துட்டுப் பார்த்தாலும் இவுங்க மோசமில்ல. ரெண்டாவதா வராங்க.”

“ஏமாத்துனது ஏமாத்துனதுதான் தம்பி. ஜாஸ்தி எரக்கம் காட்டாதே.”

அவ்வேளையில் திரையின் அடியில் புதிதாக ஒரு வரி தோன்றியது. அறிவழகன் அதனை உற்றுப் பார்த்தான்.

“சார், பன்னெண்டாம் கட்டில்லேருந்து கூப்பிடுறாங்க.”

தேவசகாயம் மலர்க்கொடியை ஏறிட்டு நோக்கினார். “நீ இங்க நிக்கிற. அங்க யாரு அழுத்துறது? உனக்குக் கூட்டாளி வேற இருக்காங்களா?”

அவள் திரையின் அருகில் வந்து அவ்வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய கண்கள் நிரம்பி வழிந்தன.

“அவருதான் சார்.”

“நோயாளி மணி அடிக்கத்தான் செய்வாரு. அதுக்கு ஏம்மா அழுவுற?”

“பக்கவாதத்துல ரெண்டு கையும் விழுந்துபோச்சு சார் அவருக்கு. இனிமே வராதுன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. மனசு கேக்கல. அவரு வெரலப் புடிச்சி மணி மேல வச்சி, இத்தினி நாளா நாந்தான் அழுத்தக் கத்துக் குடுத்துக்கிட்டிருந்தேன்” என்று கூறிக்கொண்டே அவள் வார்டை நோக்கி ஓடினாள்.

அவள் சென்று அணைப்பதற்குள், அந்த வரியின் கீழே இன்னொரு வரி விழுந்தது: மீண்டும் பன்னிரண்டாம் கட்டில்.