சில்வெஸ்டர் காய்ச்சிய பியர்

"ஒண்டில் இந்த வீட்டிலை நான் இருக்கோணும், இல்லாட்டி அது இருக்கோணும். இண்டைக்கு ரெண்டிலை ஒண்டு தெரியோணும்" என்றாள் கொறற்றி.

கதவைத் திறந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை இதுதான். பென்ஜமின் சப்பாத்தைக் கழற்றவும் மறந்து வாசலிலேயே நின்றுவிட்டான். 'அவசரம், உடனை வா' என்று அவள் ரெலிபோனில் கூப்பிட்டதும் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தான்.

"அக்கா, அத்தான் அப்பிடிப்பட்ட ஆளில்லை."

"அப்பிடிப்பட்ட ஆள்தான். வேலையாலை வந்தா அதோடைதான் கிடக்கிறார். போய்க் குசினியிலை பார்."

பென்ஜமின் பயந்து பயந்து எட்டிப் பார்த்தான். அத்தான் சில்வெஸ்டர் தோளில் ஒரு துவாயோடு, பெரிய சில்வர் பானைக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பியர்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன.

பென்ஜமினுக்கு மூச்சு வந்தது. 'அது' பியர்தான்.

சில்வெஸ்டருக்குப் பிடித்தது ஜெர்மனியின் தெற்கே பவேரியாவிலிருந்து வரும் ஒரு கோதுமைப் பியர். அதைக் காய்ச்சுவது பவேரியாக்காரர் கைக்கு மட்டும்தான் வரும் என்று போன மாரியில் வேலையிடத்தில் ஒரு ஜெர்மன்காரன் சொல்லப்போக, மனுசனுக்கு ரோசம் வந்துவிட்டது. கடைப் போத்தலின் அடியில் கிடந்த மண்டியைச் சேர்த்து, சீனித் தண்ணீரில் வளர்த்து, அதே ஈஸ்ட்டைப் பிடித்துவிட்டார். முளைகட்டிய கோதுமை தபாலில் வந்தது. இப்போது வுப்பர்டால் நகரத்து வீட்டின் நிலவறை முழுக்கப் போத்தல்.

"வாரும், பென்ஜமின்" என்றார் சில்வெஸ்டர். "பியர் காய்ச்சிறதிலை முக்கால்வாசி கழுவுற வேலைதான். ஒரு கிருமி தப்பினாலும் எல்லாம் புளிச்சுப் போம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா நுரையும் நிக்காது." சொல்லிக்கொண்டே மத்தியானத்து இறைச்சிக்கறிச் சட்டியையும் இழுத்துப்போட்டுத் தேய்த்தார்.

சாப்பாட்டு மேசையில் கொறற்றி நகத்துக்குப் பூசிய சிவப்புச் சாயத்தை ஊதிக் காயவைத்தாள். "வீடெல்லாம் நாத்தம். யன்னலெல்லாம் ஆவி. நீ பத்து வரியமா அந்தக் கடைப் பியரைத்தானே குடிக்கிறாய். ரெண்டையும் குடிச்சுப் போட்டு எது வீட்டிலை காய்ச்சினது எண்டு சொல்லு. சரியாச் சொன்னியெண்டா, பானை பீப்பா எல்லாத்தையும் குப்பை லொறிக்குக் குடுத்துப் போடுவன். அத்தானும் ஓமெண்டிட்டார்."

"ஓம்" என்றார் துவாயோடு மேசைக்கு வந்த சில்வெஸ்டர், குரல் இறங்கி.

கொறற்றி குசினிக்குள் போய் இரண்டு உயரமான கிளாஸ்களில் ஊற்றிவந்து வைத்தாள். எது எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டும் ஒரே மங்கல் பொன் நிறம், இரண்டிலும் வெள்ளை நுரை. வெளியே உலகக்கிண்ணக் கொடி கட்டிய கார் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போனது.

பென்ஜமின் முதலாவதைக் குடித்தான். இதமான வாழைப்பழ வாசம். பத்து வருடத்துப் பழக்கம் நாக்கிலேயே தெரிந்தது.

இரண்டாவதில் ஒரு மிடறு. பல்லுவலிக்குப் பஞ்சில் தோய்த்து வைக்கும் கராம்பெண்ணெய், அப்படியே. கண்ணில் தண்ணீர் முட்டியது. குருடனும் கண்டுபிடித்துவிடுவான்.

நிமிர்ந்து பார்த்தான். சில்வெஸ்டர் துவாயை இரண்டு கையாலும் முறுக்கியபடி நின்றார். முன்பு அகதி விண்ணப்பத்தின் முடிவு வரக் காத்திருந்த நாட்களில் அத்தானின் முகம் இப்படித்தான் இருந்தது.

அக்காவின் முகத்தைப் பார்க்கும் துணிவு அவனுக்கு வரவில்லை. முதல் கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"இதுதான் வீட்டிலை காய்ச்சினது. கொஞ்சம் தண்ணித்தனமாக் கிடக்கு. மற்றதுதான் அசல் கடைப் பியர்."

சில்வெஸ்டர் கொறற்றியைப் பார்த்தார். "பிழை" என்றாள் அவள் சுருக்கமாக. "அவன் கடைப் பியரெண்டு சொன்னதுதான் உங்கடை."

மனுசன் துவாயைத் தூக்கித் தோளில் போட்டார். பிறகு பென்ஜமினின் தோளைப் பிடித்து உலுக்கினார். "போகேக்கை ஒரு பெட்டி கொண்டு போம். ஏலாதெண்டு சொல்லக்கூடாது." இரண்டு கிளாஸையும், மேசையில் கிடந்த கோப்பை பீங்கான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு சந்தோசமாகக் குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தத்தோடு சீட்டியடிக்கும் சத்தமும் கேட்டது.

பென்ஜமின் கதிரையை அக்காவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டான்.

"அக்கா, என்னிலை கோவிக்காதை. நான் சொன்னது பொய். அத்தான்ரை முகத்தைப் பாத்திட்டு உண்மை சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அதை வாயிலை வைக்கேலாது."

"எனக்குத் தெரியாதே? நானும் குடிச்சுப் பாத்தனான்." கொறற்றி எழுந்து குசினிக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள். "நீ இப்பிடித்தான் சொல்லுவாய் எண்டுதானே உன்னைக் கூப்பிட்டனான்."

பென்ஜமினுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கலியாணம் கட்டின நாள் துடக்கம் இந்த மனுசன் ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவினதில்லை" என்றாள் அவள். "பியர் துடங்கினதுக்குப் பிறகு நான் ஒரு சட்டி கழுவினதில்லை."

"அப்ப ஏன் நிப்பாட்டச் சொல்லி அவரோடை சண்டை பிடிக்கிறாய்?"

கொறற்றி குரலைத் தாழ்த்தினாள்.

"நான் நிப்பாட்டச் சொல்லாட்டி, அவர் நிப்பாட்டிப் போடுவார்."