ஏழு கிலோ

காட்டுக்குள் போகிறவர்கள் ஏழு கிலோவுக்கு மேல் எதையும் கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருக்கும் தராசு பையை நிறுத்துப் பார்த்து, ஆள் எத்தனை நாள் தாங்குவார் என்று சொல்லிவிடும்.

செங்கமலம் அரிவாள், கயிறு, தீப்பெட்டி, கம்பளி, தண்ணீர்ப் புட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் வைத்தாள்.

"பதினெட்டு நாள்," என்றது தராசு.

அவள் கணவன் கதிரேசன் யானைக் கணக்கெடுப்புக்குப் போய் எட்டு நாளாகிறது. கடைசியாக அவன் வயர்லெஸ்ஸில் பேசியது இரண்டு நாள் நடைதூரத்து ஓடைக்கரையிலிருந்து. தேடப் போனவர்கள் நேற்றே கையை விரித்துவிட்டார்கள்.

துப்பாக்கியை எடுத்துக் கீழே வைத்தாள். அந்த எடைக்கு இன்னொரு கம்பளி, இன்னொரு தண்ணீர்ப் புட்டி, கட்டுத்துணி, நாலு மூங்கில் பத்தை.

"ஒன்பது நாள்."

வாசல் காவலர் பதறினார். "புலி நடமாடுதுங்கக்கா! உங்க காலு நல்லாத்தானே இருக்குது, பத்தை எதுக்குங்க?"

"அவருக்குங்க. காலு ஒடியாம இருந்திருந்தா இந்நேரம் நடந்தே வந்திருப்பாரு."

தராசின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு பேருக்குக் கணக்குப் போடு."

"நாலு நாள்."

"போக ரெண்டு, வர ரெண்டு. போதுமுங்க, கதவத் தொறங்க."